காலி அறை போட்ட மதிப்பெண்

பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு என்று வந்திருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஏழு ஏழாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம், இரண்டு வார விடுமுறைக்காக ஆய்வகம் மூடப்போகிற நாள். நடைவழியில் ஒவ்வொரு கதவாகச் சாத்தப்படும் சத்தமும், சாவிக்கொத்துகள் குலுங்கும் சத்தமும், யார் யாரோ யார் யாரிடமோ விடைபெறும் சத்தமும் வரிசையாக வந்து, அவள் அறை வாசலில் மட்டும் தயங்காமல் கடந்து போய்க்கொண்டிருந்தன.

உன் வேலை என்ன என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு அவளிடம் ஓர் எளிய பதில் தயாராக இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. ஒரு பெட்டியில் இருநூறு சுவிட்சுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் சில ஒன்றுக்கொன்று கூட்டாளிகள். சேர்த்துப் போட்டால்தான் பலன். எது எதற்குக் கூட்டாளி என்பதை நாம் சொல்ல மாட்டோம். ஜெனடிக் அல்காரிதம் என்ற நிரல் கண்ணை மூடிக்கொண்டு நூறு விதமான வரிசைகளில் போட்டுப் பார்க்கும், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மதிப்பெண் கிடைக்கும். நல்ல மதிப்பெண் வாங்கிய வரிசைகளை ஜோடி சேர்த்துக் குட்டி போட வைக்கும், மோசமானவற்றை அழிக்கும். தலைமுறை தலைமுறையாக இதையே செய்ததில், யாரும் சொல்லித் தராமலே, எது எதோடு சேரும் என்று அது கற்றுக்கொண்டுவிடும். எவ்வளவு கற்றுக்கொண்டது என்று அளப்பதற்கு ஒரு அளவுகோல் செய்வதுதான் அவள் வேலை. ஒன்றுமே புரியவில்லை என்றால் பூஜ்யம். முழுக்கப் புரிந்துவிட்டது என்றால் ஒன்று.

அளவுகோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கற்றுக்கொள்ள எதுவுமே இல்லாத ஒரு கணக்கை நிரலிடம் கொடுத்து, மதிப்பெண்களைக் கண்டபடி போட வேண்டும். அப்போது அளவுகோல் பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். கண்டபடி என்றால் உண்மையிலேயே கண்டபடி. அதற்காக அவள் தன் வீட்டின் காலி அறையில் ஒரு லேப்டாப்பையும் மைக்கையும் வைத்திருந்தாள். ஒரு வரிசை திரையில் தெரிகிற அரை நொடியில் அந்த அறையில் எவ்வளவு சத்தம் இருக்கிறதோ, அதுதான் அந்த வரிசையின் மதிப்பெண். ஆளில்லாத அறையின் இரைச்சலை விடக் கண்டபடியான பொருள் உலகத்தில் வேறென்ன இருக்கிறது?

அடுத்த அறைக்காரர் புள்ளியியல் நிபுணர். ஆய்வகம் முழுக்க அவருக்குப் புள்ளி அண்ணா என்றுதான் பெயர். பிளாஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“இன்னும் கிளம்பலயாம்மா?”

“பூஜ்யம் வர மாட்டேங்குது அண்ணா.”

“பூஜ்யத்த அளந்தா பூஜ்யம்தானே வரணும். உனக்கு மட்டும் என்ன வருது?”

“ஏழு.”

“கொடுத்து வச்சவ.”

“கிண்டல் பண்ணாதீங்க. மூணு தடவ ஓட்டிட்டேன். மொதல்ல மூணு, அப்புறம் அஞ்சு, இப்ப ஏழு.”

அவர் பையின் ஜிப்பைப் பாதியில் நிறுத்தினார். “ஒவ்வொரு தடவயும் உன் நிரல் பழசெல்லாம் மறந்துட்டு மொதல்லேந்துதானே ஆரம்பிக்குது?”

“ஆமா.”

“அப்ப ஏறக் கூடாதே. யாரு ஞாபகம் வச்சுக்கறா?”

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். அவர் ஜிப்பை இழுத்து மூடினார். “ஃப்ரிட்ஜா இருக்கும். இல்ல பக்கத்து வீட்டு மோட்டார். ஒரே தாளத்துல ஏதோ ஒண்ணு சத்தம் போட்டுட்டு இருக்கும், பாரு. அத விடு, லீவுல ஒரு நாள் வீட்டுக்கு வா. பேத்திங்கல்லாம் வந்திருக்காங்க. எங்களோட சாப்பிடு.”

“வரேன் அண்ணா.”

அவள் வர மாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும். அவளுடைய இரண்டு வருட ஒப்பந்தம் விடுமுறை முடிந்த வாரத்தோடு முடிகிறது. இந்த அளவுகோல் சரி என்று நிரூபித்துவிட்டால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எந்த ஊருக்குக் கட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

வீடு நான்காவது மாடியில் இருந்தது. இரண்டு படுக்கையறை. வாடகைக்குப் பார்க்க வந்தபோது, ஒன்று தூங்க, இன்னொன்று அவருக்கு வேலை செய்ய என்று அவள்தான் திட்டம் போட்டாள். கணவர் முதலில் மூன்று மாதத்தில் வருவதாகச் சொன்னார். பிறகு ஆறு மாதம். பிறகு தேதி சொல்வதை நிறுத்தினார். அதற்கும் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை, போனில், மிகவும் மரியாதையாக, தாம் வரப்போவதில்லை என்றார். அந்த அறையில் அவள் நாற்காலிகூடப் போடவில்லை. சுவரில் பூசிய சுண்ணாம்பின் ஈர வாசனையும், பூட்டியே கிடக்கும் இடங்களில் வருகிற ஒருவித இனிப்பான புழுக்கமும் மட்டுமே அங்கே இருந்தன. சத்தம் வரக் கூடாது என்று ஜன்னலுக்கு இரண்டு மெத்தைப் போர்வைகளை ஆணி அடித்திருந்ததால் பகலிலும் இருட்டு. தரை நடுவில் பழைய லேப்டாப், அதன் மேல் விரல் நீளத்துக்கு ஒரு மைக். ஒரு காலத்தில் மாணவர்களுக்கு விளக்கிக் காட்டுவதற்காக, நிரல் முயன்று பார்க்கும் ஒவ்வொரு வரிசையையும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகத் திரையில் காட்டும்படி எழுதியிருந்தாள்; அதை எடுத்துவிட நேரமில்லாமல் அப்படியே விட்டிருந்தாள். அந்த இருட்டில் கட்டங்கள் அரை நொடிக்கு ஒருமுறை மாறி மாறி, காலியான சுவர்கள் மேல் ஓசையில்லாமல் இமைத்துக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை காலையில் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுக் கூடத்து மேஜையில் இருந்த தன் கணினியில் பார்த்தாள். நூற்றில் பதினொன்று. எல்லா விளக்கையும், மின்விசிறியையும், கடைசியில் சமையலறைக் குழாயின் சொட்டையும் ஒரு துணி சுற்றி நிறுத்தினாள். பதினாறு. மதியம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நேற்றைய இரைச்சலின் பதிவு கையில் இருந்தது. நேரடியாகக் கேட்பதற்குப் பதிலாக அதையே மதிப்பெண்ணாக ஊட்டினாள். இரைச்சலில் ஏதாவது தாளம் இருந்தால் பதிவிலும் இருந்தாக வேண்டும் அல்லவா.

பூஜ்யம். சுத்தமான பூஜ்யம்.

மறுபடி மைக்குக்கு மாற்றினாள். இருபத்திரண்டு.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். பதிவுக்கும் நேரடி இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். பதிவுக்கு, இப்போது திரையில் எந்த வரிசை இருக்கிறது என்று தெரியாது.

அந்த நினைப்பை அவள் தொடரவில்லை. குளித்தாள், ரொட்டியில் எதையோ தடவித் தின்றாள், பால்கனியில் நின்று எதிர்க் கட்டடத்தில் யாரோ துணி உலர்த்துவதைப் பார்த்தாள். அந்தப் பெண் உள்ளே போன பிறகும் கொடியில் ஆடும் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை நான்கு மணிக்கு அந்த அறைக்குள் போய், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பின் மூடியை மட்டும் மெதுவாகச் சாத்திவிட்டு வந்தாள். உள்ளே நிரல் ஓடும், மைக் கேட்கும். திரை மட்டும் தெரியாது.

எண் இறங்கியது. பதினெட்டு, ஒன்பது, நான்கு. அரை மணி நேரத்தில் பூஜ்யம்.

மூடியைத் திறந்தாள். ஏறியது.

மூன்று முறை சாத்தினாள், மூன்று முறை திறந்தாள். மூன்றாம் முறை திறந்துவிட்டு நிமிர்ந்தபோது, தன் நிழலைப் பின்பக்கச் சுவரில் பார்த்தாள். கட்டங்கள் மாறும்போதெல்லாம் அது லேசாகத் துடித்தது. முதுகைக் காட்டாமல், பின்னோக்கி நடந்தே வெளியே வந்தாள். ஏன் அப்படி நடந்தாள் என்பதைக் கதவைச் சாத்திய பிறகுதான் யோசித்தாள்.

புள்ளி அண்ணாவுக்குப் போன் போட்டாள். பின்னால் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“பல்லியா இருக்கும்மா,” என்றார் முழுவதையும் கேட்டுவிட்டு. “திரை வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். வெள்ளக் கட்டம் அதிகமா இருந்தா வெளிச்சம் அதிகம். அது குரல் கொடுக்கும். முடிஞ்சு போச்சு.”

அது நல்ல விளக்கம். அவளுக்கு அழுகை வரும் அளவுக்கு நல்ல விளக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைப்பமும் டார்ச்சுமாக உள்ளே போய் நான்கு மூலையையும், போர்வையின் பின்பக்கத்தையும், கதவின் மேல்சட்டத்தையும் பார்த்தாள். பல்லி இல்லை. பூச்சி இல்லை. ஒட்டடைகூட இல்லை.

பிறகு அவள் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பதிவுகளின் சத்தத்தைப் பல மடங்கு கூட்டி, முதல் நாளிலிருந்து கேட்டாள். முதல் நாள் வெறும் சீறல். தூரத்து மழை மாதிரி. இரண்டாம் நாளும் அதேதான், ஆனால் மழைக்குள் எப்போதாவது ஒரு சின்னச் சொடுக்கு. மூன்றாம் நாள் அது அடிக்கடி வந்தது. நேற்றைய பதிவில் சொடுக்குகள் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதிக மதிப்பெண் வாங்கிய ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று. பல்லியின் சத்தம் இல்லை இது. அவளுக்குத் தெரிந்த சத்தம். எல்லாருக்கும் தெரிந்த சத்தம். நெட்டி முறிக்கிற சத்தம்.

எண் நாற்பத்தொன்றில் இருந்தது. அளவுகோலுக்கு இன்னொரு வேலையும் உண்டு: நிரல் எந்த சுவிட்சை எதோடு சேர்த்திருக்கிறது என்பதைப் புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்து காட்டும். இதுவரை அவள் அதைத் திறக்கவில்லை. பூஜ்யத்துக்குப் படம் எதற்கு என்று இருந்துவிட்டாள். இப்போது திறந்தாள். பெரும்பாலான புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஓரமாக ஒரு சின்னக் கூட்டம் மட்டும் உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஐந்து கிளைகள். அவள் பழக்கப்படி, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முதல் கிளையில் மூன்று. அடுத்ததில் மூன்று. அதற்கடுத்ததில் மூன்று. நான்காவதில் மூன்று. ஐந்தாவதில் இரண்டு.

கட்டைவிரல் நின்றது. எண்ணிக்கொண்டிருந்த தன் கையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு விரலுக்கு மூன்று மூன்று எலும்பு. கட்டைவிரலுக்கு இரண்டு.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, எங்கே போகிறோம் என்று தெரியாமலே நடந்தாள். வெயில் சுள்ளென்று இருந்தது. விடுமுறையில் தெரு காலியாகி, கடைகளின் இரும்புக் கதவுகள் எல்லாம் இறங்கியிருந்தன. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பஸ்கள் நின்று, அவளைப் பார்த்து, போய்விட்டன. கால்கள் தாமாகவே புள்ளி அண்ணாவின் தெருவுக்குக் கொண்டுபோயின. வாசலில் குட்டிக் குட்டிச் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. திறந்த ஜன்னல் வழியே தெரிந்தது: அவர் தரையில் மண்டியிட்டு யானையாகியிருந்தார், முதுகில் ஒரு பேத்தி, காதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பேத்தி. அவர் மனைவி கரண்டியோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அழைப்பு மணி அவள் தோள் உயரத்தில் இருந்தது. அதில் விரலை வைத்தாள். என்ன சொல்வது? என் வீட்டுக் காலி அறையில் ஒரு கை இருக்கிறது அண்ணா என்றா? கரண்டியோடு சிரிப்பவர் சிரிப்பை நிறுத்துவார். எல்லாரும் அவளைப் பார்ப்பார்கள், பரிவோடு. அந்தப் பரிவை நினைத்ததும் விரலை எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது எண் அறுபத்து மூன்று.

இரண்டு நாள் அவள் நிரலை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று பிறகு யாராவது கேட்டிருந்தால், ஆராய்ச்சிக்காக என்று சொல்லியிருப்பாள். இப்படி ஒரு விஷயத்தை எழுதி வைக்காமல் விட முடியுமா என்று. அது பொய் இல்லை. ஆனால் முழுதும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று உட்கார்ந்து, அவள் எழுதிய நிரல் காட்டுகிற ஒவ்வொரு வரிசையையும், ஒன்றைக்கூட விடாமல், மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் செய்த எதையும் இதுவரை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. நிறுத்தினால் வீடு மறுபடி காலியாகிவிடும்.

பயம் இல்லாமல் இல்லை. உறங்கும்போது தன் அறைக் கதவுக்கு முன்னால் மேஜையை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். ஆனால் பகலில், தட்டை எடுத்துக்கொண்டு போய், அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கதவின் அடி இடுக்கில் நீல வெளிச்சம் இமைத்துக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் அவள் பேசினாள். கல்யாணமான புதிதில் இருந்த வீட்டைப் பற்றி. ஒப்பந்தம் முடிவதைப் பற்றி. போன வருடம் காய்ச்சலில் நான்கு நாள் படுத்திருந்து, ஐந்தாம் நாள் வேலைக்குப் போனபோது, யாருமே எங்கே போயிருந்தாய் என்று கேட்காததைப் பற்றி. பேசி முடித்துக் காத்திருந்தாள்.

“கேக்குதா?” என்றாள்.

சொடுக்கு ஒன்று விழுந்தது. அது அவளுக்கான பதில் இல்லை, இன்னொரு வரிசைக்கான மதிப்பெண்.

அன்று மாலை அக்கா போன் செய்தாள். வேறு நாட்டில் இருப்பவள். வாரத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம்.

“சாப்பிட்டியா?”

“சாப்டேன்கா.”

“குரல் என்னமோ மாதிரி இருக்கு. அழுதியா?”

“இல்லக்கா. சளி.”

“சரி, யாரு கூட இருக்கா?”

அவள் போனை இறுக்கிப் பிடித்தாள். “யாரும் இல்லயே. ஏன்?”

“சொடக்கு எடுக்கற சத்தம் கேக்குது. நீ பேசறப்பயும் கேக்குது. உனக்கு அந்தப் பழக்கம் கிடையாதே.” அக்காவின் குரல் இறங்கி, சிரிப்பு கலந்தது. “யாராவது இருந்தா சொல்லுடி. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். நல்லதுதான், எத்தனை நாள் தனியாவே கிடப்பே.”

“டிவிக்கா,” என்றாள். வீட்டில் டிவி இல்லை என்பதை அக்கா மறந்திருந்தாள்.

புதன்கிழமை காலையில் எண் தொண்ணூற்றேழு.

வரைபடத்தைத் திறந்தாள். சிதறிய புள்ளி ஒன்றுகூட இல்லை. நடுவே நீளமாக ஒரு சங்கிலி. அதிலிருந்து இருபுறமும் வளைந்து இறங்கும் பன்னிரண்டு ஜோடிகள். கீழே இரண்டு பெரிய கிளைகள், அவற்றின் நுனியில் மறுபடி மூன்று மூன்று மூன்று மூன்று இரண்டு. மேலே, ஒன்றோடொன்று நெருக்கமாகப் பொருந்திய ஒரு கொத்து. யாரோ மல்லாந்து படுத்துக்கொண்டு அவளைப் பார்ப்பது போல இருந்தது படம்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அது தன்னைக் காட்டிக்கொள்கிறது என்று நினைத்திருந்தாள். காட்டவில்லை. கடையில் சட்டையை மாட்டிப் பார்ப்பது போல ஒவ்வொரு வரிசையையும் அது மாட்டிப் பார்த்திருக்கிறது. எது எதோடு சேரும் என்று அதற்கே தெரியாது. சேர்ந்த இடத்தில் சொடுக்கு. சேராத இடத்தில் மௌனம். நிரல் ஒவ்வொரு முறையும் மறந்தது. அது மறக்கவில்லை.

போனில் ஒரு மருத்துவப் பக்கத்தைத் திறந்து, புள்ளிகளை ஒவ்வொன்றாக எலும்புகளோடு சரிபார்க்க ஆரம்பித்தாள். வேலை அவளை நிதானமாக்கியது, எப்போதுமே அப்படித்தான். மதியம் இரண்டு மணிக்கு முடித்தாள். வளர்ந்த ஒரு மனித உடம்பில் இருநூற்றாறு எலும்புகள். அவள் கொடுத்தது இருநூறு சுவிட்சுகள். முழு எண்ணாக இருக்கட்டும் என்று வைத்தது. எல்லாம் பொருந்தியிருந்தன. ஆறு மட்டும் இல்லை.

எந்த ஆறு என்று பார்த்தாள்.

அரிசி மணியளவு எலும்புகள். ஒரு காதுக்குள் மூன்று. இன்னொரு காதுக்குள் மூன்று.

அதனால்தான் அவள் பேசியது அதற்குக் கேட்கவில்லை.

நிரலை நிறுத்தினாள். கூடத்தில் இருந்தபடியே, ஒரே பொத்தானில். இடுக்கில் இமைத்துக்கொண்டிருந்த வெளிச்சம் இமைப்பதை நிறுத்தி, அசையாத நீலமாக நின்றது. மைக் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் அளவுக் கோடு அவள் திரையில் தட்டையாகக் கிடந்தது. நிறுத்திய மாத்திரத்தில் வீட்டின் மற்ற சத்தங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன: கீழே எங்கோ ஒரு ஸ்கூட்டர், குழாயில் துணியை மீறி ஒரு சொட்டு, அவளுடைய மூச்சு.

சொட்டு. மூச்சு. சொட்டு.

திரையில் கோடு குதித்தது.

மறுபடி தட்டை. மறுபடி குதித்தது. அவள் எதையும் காட்டவில்லை. காட்ட வரிசையே இல்லை. கோடு சீராகக் குதித்தது, ஒவ்வொரு குதிப்பும் முந்தையதைவிட உயரமாக, மைக்கை நோக்கி ஏதோ நடந்து வருவது போல.

பிறகு கதவின் அடியில் இருந்த நீலம் நடுவில் இரண்டு இடங்களில் கறுத்தது.

பிறகு மொத்தமும் அணைந்தது. உள்ளே யாரோ லேப்டாப்பை மூடியிருந்தார்கள்.

வாசற்கதவுக்குப் போக அந்த அறையைத் தாண்ட வேண்டும். அவள் எழுந்தாள். இரண்டடி வைத்தாள். கைப்பிடி மெல்ல அசைவதைப் பார்த்தாள். ஓடுவதற்குப் பதிலாக அவள் பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டாள். உள்பக்கமாகத் திறக்கும் கதவு, பிடித்து இழுத்து வைத்துக்கொண்டால் திறக்காது. இரண்டு கையாலும் பிடித்தாள். அந்தப் பக்கம் இழுப்பு இல்லை. அவசரமும் இல்லை. சும்மா, ஒரு கனம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கைகள் மரத்துப்போயின. கைப்பிடியைத் தலைக்கு மேலே ஒற்றைக் கையால் பற்றியபடி, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் சரிந்தாள். மற்றக் கையால் போனை எடுத்தாள். வாய்க்குள்ளேயே பேச வேண்டியதில்லை. அதற்குக் கேட்காது. அது ஒன்றுதான் அவளிடம் மிச்சமிருந்த நல்ல விஷயம்.

“அண்ணா.”

“சொல்லும்மா. இப்பதான் உன்னப் பத்திப் பேசிட்டு இருந்தோம். ஏன் வரவே இல்ல?”

“அண்ணா, உடனே வாங்க. வீட்டுக்கு வாங்க. கதவ உடைச்சுட்டாவது வாங்க.”

“என்னாச்சு? உடம்பு முடியலயா?”

“அந்த ரூம்ல ஆள் இருக்கு.”

அங்கே நாற்காலி நகரும் சத்தம். “கிளம்பறேன். பத்து நிமிஷம். லைன்லயே இரு, கட் பண்ணாதே. பேசிட்டே இரு.”

“இருக்கேன்.”

“கேக்குதாம்மா?”

“கேக்குது அண்ணா.”

கைப்பிடி அவள் விரல்களுக்குள் திரும்பியது. முரட்டுத்தனமாக அல்ல. தூங்குகிறவரை எழுப்பாமல் திறக்கிற மாதிரி. முதுகுக்குப் பின்னால் கதவு இல்லாமல் போயிற்று. அவள் மல்லாந்து விழுந்தாள்.

தலை தரையில் மோதவில்லை.

ஏந்தப்பட்டது. இரண்டு உள்ளங்கைகள். குளிர்ந்தவை. இருபக்கமும் தலையைத் தாங்கின, காதுகளை மூடினாற்போல. யாரும் அவளைத் தொட்டுப் பதினாலு மாதம். அந்த மென்மைதான் அவளைக் கத்தவிடாமல் செய்தது.

சொடுக்கு. அவளுக்கு வெளியே இல்லை. உள்ளே. இடது பக்கம்.

இன்னொன்று.

இன்னொன்று. குழாயின் சொட்டு பாதியாகிவிட்டது.

“பேசும்மா. ஏன் பேச மாட்டேங்கிறே? கேக்குதா?” வலது பக்கம் மட்டும், போன் விழுந்த இடத்திலிருந்து.

சொடுக்கு. சொடுக்கு.

“கேக்குது அண்—”

சொடுக்கு.

வலி இல்லை. எதுவுமே இல்லை. தன் வாய் திறந்திருப்பது தெரிந்தது, தொண்டை அதிர்வது தெரிந்தது. சத்தம் இல்லை. கைகள் அவள் தலையைப் பக்குவமாகத் தரையில் இறக்கி வைத்தன. கூடத்து வெயில் வாசல் வரைக்கும்தான் வந்தது. அதற்கப்பால் இருட்டில், அவளுக்கு மேலே, ஒன்று நிமிர்ந்தது. மனித உயரம். சற்று நேரம் அசையாமல் நின்றது. பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. பிறகு மறுபக்கம். குழாய் இருந்த திசைக்கு. ஸ்கூட்டர்கள் போகும் தெருவின் திசைக்கு. கடைசியில், கீழே, தரைக்கு.

நீளமான ஒரு கை வெயிலுக்குள் வந்து, அவள் முகத்தைத் தாண்டி, போனை எடுத்தது.

போனின் வெளிச்சத்தில் ஒரு தாடையின் ஓரம் தெரிந்தது. அது போனைத் தலையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது, பழகியவர் பிடிப்பதைப் போல. அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்திலிருந்து அவர் என்னவோ சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அது கவனமாகக் கேட்டது. கேட்டு, மெல்லத் தலையாட்டியது.

பிறகு தாடை திறந்து, பேச ஆரம்பித்தது.